முயலும் அரளிச் சருகும்

சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறிய செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கிலோ கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உறைகின்றது. அழகு கருதி நாம் வளர்க்கும் செடிகளுள் இத்தகையன பல. முற்றத்தில் முயலை உலவவிடுவோர் அவற்றுள் அரளியையே மிகவும் அஞ்சுதல் வேண்டும்.

அரளியின் வேர், இலை, பூ யாவும் நச்சுடையன. அதிலுள்ள ஒலியாண்ட்ரின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பது. பச்சை இலை கைப்பதால் விலங்குகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். உலர்ந்தபின் கைப்பு மங்கும், நஞ்சு மங்காது. வேலியைக் கத்தரித்துக் கழிவைப் புல்லோடு குவித்துவைப்பது நம் வழக்கமன்றோ? நம் அயலில் ஒரு சிறுமி வளர்த்த முயலிணை அத்தகைய குவியலை மேய்ந்து ஒரே இரவில் மடிந்தது.

முயலால் வாந்தியெடுக்க இயலாது. கினிப் பன்றிக்கும் அதே நிலைதான். அவ்வாறிருக்க, உப்புநீர் புகட்டி என்ன பயன்?

ஊமத்தையின் செய்தி வேறு. சில முயல்களின் குருதியில் அட்ரோபினைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே உண்டு. அவை ஊமத்தை தின்றும் பிழைப்பதுண்டு. எல்லா முயலுக்கும் அந்நொதி வாய்ப்பதில்லை. ஆகவே, 'சென்ற ஆண்டு வளர்த்த முயல் தின்றது. ஒன்றும் நேரவில்லை' என்பார் கூற்றைச் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது.

முயல் இரை மறுத்துச் சோர்ந்து கிடப்பின், பொழுது விடியட்டும் எனக் காத்திராமல், அது கடித்த இலையையும் உடன் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும்.