தூண்டல் மின்னோடியில் புலநோக்குத் திசையன் கட்டுப்பாடு: இயங்குமுறையும் சுழலக வெப்பத்தின் விளைவும்

ஆய்வுச் சுருக்கம்

புலநோக்குத் திசையன் கட்டுப்பாட்டின் இயங்குமுறையை விளக்கி, மறைமுக முறையின் துல்லியம் சுழலக மின்தடையைச் சார்ந்திருப்பதை ஓர் எளிய கணக்கீட்டின் வழி இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தூண்டல் மின்னோடி, காந்தப்பாயம், முறுக்குவிசை, நழுவல், கால மாறிலி

முன்னுரை

தனிப்புல நேர்திசை மின்னோடியில் காந்தப்பாயத்தைப் புலச்சுருளும், முறுக்குவிசையை ஆர்மெச்சூர் மின்னோட்டமும் தனித்தனியே ஆள்கின்றன. தூண்டல் மின்னோடியிலோ நிலையகத்தின் மூன்று கட்ட மின்னோட்டங்களே இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்கின்றன. இப்பிணைப்பைப் பிரிக்கும் வழியை ஜெர்மனியில் ஹாஸ் 1969இலும், பிளாஷ்கே 1970களின் தொடக்கத்திலும் முன்வைத்தனர்.

இயங்குமுறை

மூன்று கட்ட மின்னோட்டங்கள் முதலில் கிளார்க் உருமாற்றத்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கூறுகளாகின்றன. பின்னர்ப் பார்க் உருமாற்றம், காந்தப்பாயத்தோடு சேர்ந்து சுழலும் அச்சுகளுக்கு அவற்றை மாற்றுகிறது. சீரான இயக்கத்தில் சைன் அலைகள் அவ்வச்சுகளில் மாறா மதிப்புகளாகின்றன. பாயத்தின் திசையில் அமைவது பாயக்கூறு. அதற்குச் செங்குத்தாக அமைவது முறுக்குக்கூறு. முறுக்குவிசை, பாயம், முறுக்குக்கூறு ஆகிய இரண்டின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே பாயக்கூற்றை மாறாது வைத்து முறுக்குக்கூற்றை மட்டும் மாற்றினால், முறுக்குவிசை உடனுக்குடன் மாறும். கணித்த ஏவல்கள் எதிர் உருமாற்றங்களின் வழியே இன்வெர்ட்டரைச் சென்றடைகின்றன.

கோணக் கணிப்பு

இப்பிரிப்பு முழுவதும் பாயத்தின் கோணத்தைச் சரியாக அறிவதைப் பொறுத்தது. மறைமுக முறையில் அக்கோணம் அளக்கப்படுவதில்லை, கணிக்கப்படுகிறது. முறுக்குக்கூற்றைப் பாயக்கூற்றாலும் சுழலகக் கால மாறிலியாலும் வகுத்தால் நழுவல் வேகம் கிடைக்கும். அதனைச் சுழலகத்தின் மின்கோண வேகத்தோடு கூட்டித் தொகையிட்டால் கோணம் கிடைக்கும். கால மாறிலி என்பது சுழலக மின்தூண்டலை அதன் மின்தடையால் வகுத்த ஈவாகும்.

வெப்பத்தின் விளைவு

செம்பு, அலுமினியம் ஆகியவற்றின் மின்தடை ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு உயர்கிறது. 100 டிகிரி வெப்ப உயர்வில் மின்தடை 1.4 மடங்காகும், கால மாறிலி 0.71 மடங்காகக் குறையும். கட்டுப்படுத்தி பழைய மதிப்பையே கொண்டு, இரு கூறுகளையும் சமமாக ஏவுவதாகக் கொள்வோம். மின்னோட்டத்துக்கும் பாயத்துக்கும் இடையே இருக்கவேண்டிய 45 பாகைக் கோணம் ஏறத்தாழ 35.5 பாகையாகச் சுருங்கும். காந்தச் செறிவைக் கருதாவிடில், பாயம் 15 விழுக்காடு மிகும். முறுக்குக்கூறு 18 விழுக்காடு குறையும். ஆயினும் முறுக்குவிசை 5 விழுக்காடே குறையும். ஆகவே முறுக்குவிசையை மட்டும் நோக்குவோர்க்கு இப்பிழை எளிதில் புலப்படாது. மிகுந்த பாயமோ இரும்பகத்தைச் செறிவுக்குத் தள்ளி, இழப்பையும் வெப்பத்தையும் மேலும் கூட்டும்.

முடிவுரை

திசையன் கட்டுப்பாட்டின் வலிமை அச்சுகளின் தேர்வில் உள்ளது. அதன் நலிவு அவ்வச்சுகளின் கோணத்தைக் கணிக்கும் மாறிலியில் உள்ளது. எனவே மறைமுக முறையின் செயல்திறனை மதிப்பிடும் ஆய்வுகள், குளிர்ந்த மின்னோடியோடு நில்லாமல் முழுவெப்ப நிலையிலும் சோதித்து, முறுக்குவிசையோடு பாயத்தையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது.