அடுத்தவர் லேப்டாப்போட கலர் புரொஃபைல் நமக்கு ஒத்துவருமா?

மதுரை சுங்குடிச் சேலையை போட்டோ எடுத்து ஆன்லைன்ல விக்கிறீங்கன்னு வைங்க. லேப்டாப்ல பார்த்து அரக்கு நிறத்தை சரிபண்ணி ஏத்துறீங்க. வாங்கினவங்க, “இது வேற கலருங்க”ன்னு திருப்பி அனுப்புறாங்க. அவங்க போன் மேலயும் குறை இருக்கலாம். முதல்ல நம்ம ஸ்கிரீனைப் பார்ப்போம்.

அதே மாடல் லேப்டாப்பைக் கருவி வெச்சு அளந்தவங்க, ஐசிசி புரொஃபைல்னு ஒரு ஃபைலை இலவசமா பகிர்றாங்க. (கிரிக்கெட் ஐசிசி இல்லீங்க, 1993-ல தொடங்கின இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியம்.) அதைப் போட்டா, நீலம் பூத்த வெள்ளை கொஞ்சம் அடங்கும்.

ஆனா ஒரே மாடல்லயே வேற வேற கம்பெனி பேனல் வரும். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர், மானிட்டர்ஸ் போய் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்க. பேனல் வேறன்னா அந்த ஃபைல் கலரை இன்னும் கெடுத்துடலாம். பேனலால காட்ட முடியாத சிவப்பை எந்த ஃபைலும் கொண்டுவராது. அதனால ஏத்துறதுக்கு முன்னாடி, சேலையை ஜன்னல் வெளிச்சத்துல ஸ்கிரீன் பக்கத்துல பிடிச்சு ஒருதடவை ஒப்பிட்டுடுங்க.