நல்லெண்ணெய்: தோலுக்கும் தலைமுடிக்கும் எதுவரை நல்லது?

மார்கழி பிறந்தால் பங்காருபேட்டை, கோலார் தங்கவயல் பக்கம் காற்று வறண்டுவிடும். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உள்ள மேட்டு நிலம் இது. வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் என்பதால் ஆழ்துளைக் கிணற்றையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கிணறுகளின் உப்புநீரில் சோப்பு சரியாக நுரைக்காது. சோப்பின் படிவு தோலில் தங்கி வறட்சியைக் கூட்டும். கால் வெள்ளை பூத்துக் குதிகால் வெடிக்கும் இந்தப் பருவத்தில், சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெய் உண்மையிலேயே உதவும். ஆனால் அது மருந்தல்ல.

எண்ணெயில் என்ன இருக்கிறது?

நல்லெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் லினோலியிக் அமிலம். தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்க இது தேவை. செசமின், செசமோலின், வைட்டமின் ஈ ஆகியவை எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் காக்கின்றன.

தோலுக்கு

குளித்ததும் உடம்பை ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் சில சொட்டுகளை மெல்லியதாகத் தடவுங்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் எண்ணெய் தடுக்கும். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தடவ வேண்டாம். வெயிலைத் தடுக்கும் திறன் இதற்கு மிகக் குறைவு, சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது.

தலைமுடிக்கு

எண்ணெய் முடியின் மேல் படிந்து உராய்வைக் குறைப்பதால், சீவும்போது முடி உடைவது குறையும். அரை மணி நேரம் ஊறவிட்டு, சீயக்காய் தேய்த்து வெதுவெதுப்பான நீரில் அலசினால் போதும். முடி உதிர்வதற்கு இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பேறுகாலம் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றை எண்ணெய் தீர்க்காது. பொடுகு இருந்தால் எண்ணெயைத் தவிருங்கள். பொடுகுக்குக் காரணமான மலாசீசியா பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்களே உணவு.

கைக்குழந்தைக்கு

உடம்பில் இதமாகத் தேய்த்துக் குளிப்பாட்டலாம். மூக்கிலோ காதிலோ தொண்டையிலோ எண்ணெய் விடவே கூடாது. நுரையீரலுக்குள் போன எண்ணெய் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். பாட்டி சொன்னாலும் இதை மட்டும் மறுத்துவிடுங்கள்.

வாங்கும்போது

‘தீபம் ஏற்ற மட்டும்’ என்று அச்சிட்ட மலிவு எண்ணெய் உடம்புக்கு ஆகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் உள்ள சமையல் எண்ணெயையே வாங்குங்கள். கன்னடக் கடைகளில் ‘எள்ளெண்ணெ’ என்று கேட்டால் கிடைக்கும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

எள் ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளைக் குறிப்பிடுவது கட்டாயம். எள்ளுருண்டை தின்று தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தவர்கள் இந்த எண்ணெயைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். வெடிப்பில் ரத்தமோ சீழோ வந்தாலும், அரிப்பு இரண்டு வாரம் தாண்டினாலும், சர்க்கரை நோயாளிக்குக் காலில் வெடிப்பு வந்தாலும் எண்ணெய் பூசிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.