‘சளிதானே’ என்று ஆண்டுகளைத் தொலைக்காதீர்கள்

58 வயதுக்காரர் அவர். என் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே மூச்சு இரைத்தது. உடன் வந்த மகள் மஞ்சள் பையிலிருந்து பழைய எக்ஸ்ரே ஒன்றை எடுத்து நீட்டினார். குடலிறக்க அறுவைக்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் அது. வலப்பக்க நெஞ்சின் அடியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நிழல். ‘சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும்’ என்று அறிக்கையில் எழுதியும் இருந்தது.

“அப்பவே சொன்னாங்க டாக்டர். அப்பாதான், வலிக்கவே இல்லையே, எதுக்குச் செலவுன்னு பீரோவுல வச்சுட்டார்” என்றார் மகள்.

இப்போது எடுத்த படத்தில் அந்த நிழல் பாதி நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. இருமல் சிரப் குடித்தார், ஆவி பிடித்தார், மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரைகளை விழுங்கினார், யாரோ சொன்ன சூரணம் சாப்பிட்டார். எடுக்கச் சொன்ன ஸ்கேனை மட்டும் எடுக்கவில்லை.

அவருக்கு வந்தது அரிய கட்டி. ஆனால் அவர் செய்த தாமதத்தை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். இதை எழுத வைத்தது அந்தத் தாமதம்தான்.

என்ன கட்டி இது?

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில், அதன் மேற்பரப்புக்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவிலிருந்து முளைக்கும் நார்க்கட்டி இது. மருத்துவத்தில் ‘சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர்’ என்பார்கள். கிளெம்பரர், ராபின் என்ற இரு மருத்துவர்கள் 1931-இல் இதைத் தனி வகையாக விவரித்தார்கள். 2013-இல்தான் இதன் மரபணு அடையாளம் பிடிபட்டது: நாப்-2, ஸ்டாட்-6 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, செல்களை ஓயாமல் பெருகச் செய்கின்றன.

பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி வருகிறது. பல நேரங்களில் மரத்துப் பழம்போல ஒரு காம்பில் தொங்கியபடி மெதுவாக வளரும். நெஞ்சுக்குள் இடம் நிறைய இருப்பதால் சிறியதாக இருக்கும்வரை வலியோ இருமலோ இருக்காது. பக்கத்து நுரையீரலை நசுக்கத் தொடங்கும்போதுதான் வறட்டு இருமல், நெஞ்சுப் பாரம், மூச்சுத்திணறல் எல்லாம் தலைகாட்டும்.

விரலிலும் சர்க்கரையிலும் தெரியும் நெஞ்சுக் கட்டி

தையல் வேலை செய்யும் ஓர் அம்மா இரண்டு ஆண்டுகளாக மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கியிருந்தன. விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கிளிமூக்குப்போல வளைந்திருந்தன. அந்த விரல்களைப் பார்த்த யாராவது ஒருவர் அன்றே நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லியிருக்கலாம். நுரையீரல் நோயால் விரல் தடித்து எலும்பு வலிக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ உலகுக்குத் தெரிந்த செய்தி. இந்தக் கட்டி பெரிதாகும்போது சிலருக்கு அப்படி நேர்கிறது.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். இரு கைகளிலும் ஒரே விரலின் நகங்களை எதிரெதிராக ஒட்டி வையுங்கள். நகக் கண்ணுக்கு அருகே வைர வடிவில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொருவர் பத்தாண்டு சர்க்கரை நோயாளி. ஏதோ ஒரு பொடியைச் சாப்பிட்டதில் சர்க்கரை குணமாகிவிட்டது என்று உறவினர்களுக்கெல்லாம் அதை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, ஒருநாள் மயங்கியே விழுந்தார். அவர் சர்க்கரையைக் குறைத்தது பொடி இல்லை. நெஞ்சுக்குள் இருந்த பெரிய கட்டி, இன்சுலினைப்போல வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரந்துகொண்டிருந்தது. டோஜ், பாட்டர் என்ற இரு மருத்துவர்கள் இதை 1930-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கட்டி வந்தவர்களில் 100-க்கு 5 பேருக்கும் குறைவாகவே இது ஏற்படும் என்றாலும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்தைக் கூட்டாமலே சர்க்கரை அடிக்கடி இறங்கினால் மகிழ்ச்சி அடையாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். நினைவோடு இருப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

நம்பிக்கைகளும் உண்மைகளும்

“நான் பீடி, சிகரெட் தொட்டதே இல்லை, எனக்கு எப்படி வரும்?” புகைக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. பழக்கம் இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆகவே நல்ல பழக்கத்தைக் காரணம் காட்டி அறிகுறியை ஒதுக்காதீர்கள்.

“ஆஸ்பெஸ்டாஸ் கூரையால் வந்ததா?” ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருவது மீசோதீலியோமா என்ற வேறொரு புற்றுநோய். அதுவும் நுரையீரல் உறையில்தான் வரும் என்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நார்க்கட்டிக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. அதற்காகப் பழைய கூரைத் தகடுகளை உடைத்து, அறுத்து, தூசியைச் சுவாசிக்காதீர்கள். மீசோதீலியோமா பல பத்தாண்டுகள் கழித்து வந்து நிற்கும்.

“நெஞ்சுல நிழல்னா காசநோய்தான்.” நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானது. அப்படியானால் சளிப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த காசநோய் மாத்திரையை எடுத்து விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரைகள் கல்லீரலைக் கெடுக்கக்கூடியவை. அரைகுறையாகச் சாப்பிட்டால் உண்மையான காசநோயும் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும்.

“நாட்டு மருந்துல கரைஞ்சிடும்.” இது நாரும் செல்லும் இறுகிய கட்டி. சளியைப்போல இளகி வெளியேறாது. கஷாயமோ சூரணமோ தைலமோ இதைக் கரைக்காது. பெயர் ஒட்டாத பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ஸ்டீராய்டு பசியைத் தூண்டி, வலியைத் தணித்து, நோய் குணமாவதுபோலக் காட்டும்; உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். நெஞ்சில் சூடு வைத்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புண் ஆறும்வரை அறுவையைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அந்த வேதனையை உங்கள் அப்பா அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

“ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிடும்.” என் அறையில் அதிகமாகக் காதில் விழும் வாக்கியம் இது. இதற்குப் பயந்துதான் மருத்துவமனை வாசல்வரை வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். இந்தக் கட்டிக்குக் கத்திதான் முதன்மை மருந்து. வேரோடு, சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு சேர்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். பரவிய நிலையில் அறுவைக்கு வருபவர்களைப் பார்த்துவிட்டு, அறுவையால் பரவியது என்று ஊர் சொல்கிறது.

“கேன்சர்னு சொல்லிட்டாங்க, இனி என்ன இருக்கு?” இந்தக் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் புற்றுத்தன்மை இல்லாதவை. புற்றுத்தன்மை உள்ளவற்றுக்கும் முழுமையாக அகற்றுவதே முதல் வழி. பரிசோதனை முடிவு வரும் முன்பே வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

“எடுத்தாச்சு, இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம்.” இதுவும் தவறு. பத்தாண்டு கழித்தும் இது திரும்பி வந்ததுண்டு. சொன்ன தேதிகளில் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை

மார்பு எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், தேவையானால் ஊசி வழியாகத் திசு எடுத்து ஸ்டாட்-6 சோதனை.

சிகிச்சை

சிறிய கட்டியைப் பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டு, கேமரா உதவியுடன் எடுத்துவிடலாம். பெரிய கட்டிக்கு நெஞ்சைத் திறக்க வேண்டும். ரத்த இழப்பும் அதிகம். கட்டி வெளியே வந்ததும் தாழ்ந்த சர்க்கரை சரியாகிவிடும். மூட்டுவலியும் விலகும், விரல்களும் மெல்லப் பழைய நிலைக்கு வரும். தையல் வேலை செய்யும் அந்த அம்மா மாத்திரை இல்லாமல் இப்போது ஊசியில் நூல் கோக்கிறார்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், அங்கே அதற்கென உள்ள பிரிவில் கேளுங்கள்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது

இந்தக் கட்டி வராமல் தடுக்கத் தடுப்பூசி இல்லை, பத்தியம் இல்லை. என்ன காரணத்தால் அந்த மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன என்பது இன்னும் கண்டறியப்படவில்லை. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: காலம். இரண்டு வாரம் தாண்டிய இருமலைக் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். வலி இல்லாததை நலம் என்று எண்ணிவிடாதீர்கள்.

மஞ்சள் பையோடு வந்தவருக்கு அறுவை முடிந்துவிட்டது. கட்டி முழுவதும் வந்துவிட்டது. ஆனால் எலுமிச்சை அளவில் இருந்தபோது மூன்று துளைகளில் முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு, நெஞ்சைத் திறந்து, பல யூனிட் ரத்தம் ஏற்றி, நாள்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. “அன்னிக்கே வந்திருக்கணும்” என்று அவர் மகள் அழுதபோது என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டு பீரோவிலும் பழைய எக்ஸ்ரே உறை ஒன்று இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள். ‘மேற்கொண்டு பரிசோதிக்கவும்’ என்று அதில் ஒரு வரி இருந்தால், நாளைக் காலையிலேயே அந்த உறையோடு கிளம்பி வாருங்கள்.