கவையும் கூலியும்

மரத்தின் பிரிவுகளுக்குத் தமிழ் வழங்கியுள்ள பெயர்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு வியப்புத் தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். அடிமரத்தினின்று பிரியும் பெரும் பிரிவு கவை; கவையின் பிரிவு கொம்பு அல்லது கொப்பு; கொம்பின் பிரிவு கிளை; கிளையின் பிரிவு சினை; சினையின் பிரிவு போத்து; போத்தின் பிரிவு குச்சு; குச்சின் பிரிவு இணுக்கு. பாவாணர் எடுத்துக்காட்டிய இவ்வரிசையைச் சொல்வளத்துக்குச் சான்றாக மனனம் செய்கிறோம்; தேர்வில் எழுதுகிறோம். இதே வரிசை மரம் வெட்டுவோரின் கூலிக் கணக்குமாகும் என்பதை நான் அறிந்தது வகுப்பறையில் அன்று.

இணுக்கை ஒடிக்க விரல் போதும். போத்துக்கு ஓர் அரிவாள் போதும். கிளைக்கு ஏணியும் ரம்பமும் ஓர் ஆளும் வேண்டும். கொம்புக்கும் கவைக்கும் வந்துவிட்டாலோ, கயிறு, கப்பி, மேலே ஏறுபவர், கீழே நிற்பவர், வழியை மறிப்பவர் எனச் செலவு கவைத்துக் கவைத்துப் பெருகும். நாமோ எல்லாவற்றையும் ‘கிளை’ என்னும் ஒரே சொல்லால் சுட்டிவிட்டு, “ஒரு கிளையை வெட்டவா இவ்வளவு கூலி?” என்று வியக்கிறோம்.

வியப்பு நீங்க ஒரு சிறு கணக்குப் போதும். பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 800 முதல் 1000 கிலோ வரை எடையுள்ளது. ஓரடிக் குறுக்களவும் ஐந்து மீட்டர் நீளமும் உடைய ஒரு கொம்பு, இலையையும் சிறு கிளைகளையும் விடுத்தே, 300 கிலோ அளவுக்கு வரும். ஆறு மூட்டை சிமெண்டைச் சேர்த்துக் கட்டித் தலைக்கு மேலே தொங்கவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். அது 25 அடி உயரத்திலிருந்து நழுவினால் மண்ணைத் தொட ஒன்றேகால் நொடியே ஆகும்; அப்போது அதன் வேகம் மணிக்கு 44 கிலோமீட்டர். “ஐயோ” என்று கூவி முடிக்கவும் நேரம் இராது.

இக்கணக்கை நான் போட்டது பிற்காலத்தில். 1996ஆம் ஆண்டு ஐப்பசியில், மேல்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், கணக்கின்றியே அதனைக் கண்டேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அந்தி சாய்ந்தால் இலை கூம்பிவிடுவதால் அப்பெயர். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் நிலைத்துவிட்ட மரம் அது. நிழல் தருவதில் அதற்கு இணை அரிது. ஆனால் உயரத்தினும் அகலத்தையே விரும்பும் இயல்புடையது. அதன் கொம்பொன்று மதிலைத் தாண்டி அண்டை வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே நீண்டிருந்தது. மழைக்கு முன் அதனை நீக்கிவிடுங்கள் என்று அவ்வீட்டார் அத்தாவிடம் கேட்டுக்கொண்டனர். இருவர் வந்து பார்த்தனர். ஒருவர் தம்மோடு மூன்று ஆட்கள் வருவர், இரண்டு நாள் ஆகும் என்று சொல்லி 1,800 ரூபாய் கேட்டார். மற்றவர், தனி ஆளாகவே நண்பகலுக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லி 700 கேட்டார். எவரைத் தேர்ந்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழே கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. “தம்பி பிடித்துக்கொள்ளட்டும்” என்றார். அவர் ஏணியை வெட்டவேண்டிய கொம்பின்மீதே சாய்த்திருந்தார். ஏணிக்கு அப்பால் ரம்பம் வைத்து மேலிருந்து அறுத்தார். பாதி அறுந்ததும் கொம்பு முறிந்து, பட்டையை நாராய் உரித்துக்கொண்டு விழுந்தது. கயிறு என் உள்ளங்கைத் தோலையும் உடன் கொண்டுபோயிற்று. பாரம் நீங்கிய கொம்பின் எஞ்சிய பகுதி ஒரு சாண் மேலெழுந்தது. அவ்வளவுதான், ஏணியின் தலைக்குப் பிடிமானம் இல்லாமற் போயிற்று. துவைகல்லின்மேல் விழுந்தவருக்குத் தொடையெலும்பு முறிந்தது.

அத்தாவின் கணக்குப் புத்தகம் இன்றும் என்னிடம் உள்ளது. ‘மரம் 700’ என்னும் வரியின் கீழே ‘மருத்துவமனை 9,350’, ‘அண்டை வீட்டு ஓடு 640’, பின்னர் மாதந்தோறும் ‘மரக்காரர் வீட்டுக்கு 300’ என எட்டு வரிகள். அத்தா இவற்றைக் கூட்டிப் பார்க்கவில்லை. நான் கூட்டினேன்: 13,090 ரூபாய். இரு கூலிகளுக்கும் இடையே நாங்கள் மிச்சப்படுத்தியது 1,100 ரூபாய். அவர் அதன்பின் மரமேறவில்லை. அதற்கு அந்தப் புத்தகத்தில் வரி இல்லை. ஏணியைச் சாய்த்த பிழை அவருடையதாயினும், 700 என்றபோது ‘கீழே நிற்க ஆள் எங்கே?’ என்று கேளாத பிழை எங்களுடையது.

முதலில் வந்தவர் கேட்ட 1,800 ரூபாயில் என்ன அடங்கியிருந்தது என்பதைப் பின்னர்ப் பல மரக்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேலேறுபவர் தம் இடுப்புப் பட்டையை வெட்டும் கொம்பில் அல்லாமல், அதற்கு மேலே உறுதியான வேறொரு கவையில் கட்டிக்கொள்வார். பெருங்கொம்பை ஒரே துண்டாக வீழ்த்தாமல் நுனியிலிருந்து சிறு துண்டுகளாகக் குறைத்துக்கொண்டே வருவார். ஒவ்வொரு துண்டும் கயிற்றில் இறங்கும். கீழிருப்பவர் அக்கயிற்றை வெறுங்கையால் பிடிப்பதில்லை. அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிய பின்னரே பிடிப்பார். உராய்வே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால் கிணற்றில் வாளி இறக்குவதுபோல் மெல்ல இறக்கலாம். இந்த மூன்று சுற்றை அன்று எனக்கு எவரேனும் சொல்லியிருந்தால் என் கைகள் தப்பியிருக்கும்.

மரத்துக்கு மரம் முறையும் கூலியும் வேறுபடும். உறுதியான பிடிப்புக் கிடைத்தவனைப் ‘புளியங்கொம்பைப் பிடித்தவன்’ என்கிறோமே, அது வெறும் வழக்கன்று. புளி வளையுமேயன்றி எளிதில் முறியாது. முருங்கையும் இலவும் மயிற்கொன்றையும் சொல்லாமல் முறியும். தேன்கூடு இருந்தாலோ, உள்ளே பொந்து விழுந்திருந்தாலோ நல்ல மரக்காரர் அன்று ஏறவே மறுப்பார். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் நுனிக்கொம்பு ஏறியவனை அரசனுக்கு உவமையாக்கினார். மரக்காரருக்கோ அது உவமையன்று, தொழில் விதி.

விறகுப் பேரம் என்று ஒன்றுண்டு. “கூலி வேண்டா, விறகை எடுத்துக்கொள்கிறேன்” என்பார் சிலர். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் விறகுக்கு வருபவர் வீட்டுக்குத் தீங்கான கொம்பை வெட்டுவதில்லை. எடை மிகுந்த கொம்பை வெட்டுவார். வேம்பும் புளியும் இவ்வாறு மொட்டையடிக்கப்பட்டதை ஊர்தோறும் காணலாம். மொட்டையான மரம் துளிர்க்கிறதே என்று மகிழ்வதும் தவறு. புதிய கொம்புகள் மரத்தின் மேற்புறத்தில் மட்டுமே ஒட்டி வளர்வதால், சில ஆண்டுகளில் பருத்து நீண்டு, காற்றில் பிய்ந்து விழும். இலவசம் என்று விட்டது இரட்டைச் செலவாய்த் திரும்பும்.

வெட்டும் முறை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெருங்கொம்பை மூன்று வெட்டுகளால் நீக்குவதே முறை. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கொம்பின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து இரண்டாம் வெட்டு. கொம்பு விழும்போது பட்டை கிழிந்து வந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும். எங்கள் கொல்லை மரத்தில் இல்லாமற் போனது இம்முதல் வெட்டே. எஞ்சிய கட்டையை நீக்குவது மூன்றாம் வெட்டு. கொம்பு அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம்போல் புடைத்த ஒரு வளையம் உண்டு. அவ்வளையத்தைக் காயப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். அடிமரத்தோடு ஒட்ட மழித்துவிடலாகாது.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ (1930–2006) என்பார் எண்ணற்ற மரங்களை நெடுக்கே பிளந்து ஆராய்ந்து இதனை நிறுவினார். நம் உடலைப்போல் மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, அதன்மேல் புதிதாக வளர்கிறது. அச்சுவர் எழுவது அவ்வளையத்தில்தான். வெட்டுவாயில் தாரும் வண்ணமும் பூசுவதால் அழுகல் தடைப்படுவதில்லை என்பதும் அவர் கண்டதே. நம் ஊரில் இன்றும் தார் பூசிவிட்டுக் கடமை முடிந்ததாக நிமிர்கிறோம்.

மின்கம்பி அருகிலிருந்தால் மேற்சொன்ன எதுவும் தொடங்கலாகாது. பச்சைக் கிளையும் ஈரக்கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டே உயிரைப் போக்கும். 11,000 வோல்ட் கம்பியையோ தொடவும் வேண்டியதில்லை, நெருங்கினாலே போதும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்து இணைப்பைத் துண்டித்த பின்னரே ஏறவேண்டும். சாலையோரத்திலும் அரசு நிலத்திலும் நிற்கும் மரமாயின் உரிய அனுமதியும் தேவை. இவையெல்லாம் நாட்கணக்கில் ஆகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைத் தாக்கியதையும், 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரணியம் பகுதியைத் தாக்கியதையும் நினைவுகூர்வோர், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்குக் காத்திராமல் ஆடியிலேயே அண்ணாந்து பார்ப்பர். மழை தொடங்கியபின் மரக்காரர் கேட்பதுதான் கூலி.

2023இல் நம் கல்லூரி மிதிவண்டிக் கொட்டகைக்கு மேலே நீண்டிருந்த தூங்குமூஞ்சிக் கொம்பில் வெடிப்புக் கண்டது. மூவரிடம் கூலி கேட்டோம். ஒருவர் விறகுக்கே வெட்டித் தருவதாகச் சொன்னார். ஒருவர் 8,000. ஒருவர் 21,000. குழுவிலிருந்த பெரியவர் மூன்றாம் தாளைப் பார்த்துவிட்டு, “என்ன சார், ஒரு கொம்புக்கு இருபத்தோராயிரமா?” என்றார். நான் அத்தாவின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் தாளையே நோக்கியிருந்துவிட்டு, வந்திருந்த மூன்றாம் மரக்காரரிடம் கேட்டார்: “மேலே நீங்கள் இருக்கும்போது கீழே எத்தனை பேர் நிற்பார்கள்?”

“நால்வர்” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. முதல் அரைமணி நேரம் அவர் மரத்தைத் தொடவே இல்லை. சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார். கொட்டகையிலிருந்து மிதிவண்டிகளை அகற்றி, இருபுறமும் கயிறு கட்டி வழியை மறித்தனர். மாலை நான்கு மணிக்குக் கடைசித் துண்டு இறங்கியது. தார் பூசவில்லை. அடுத்த ஆண்டு பார்த்தபோது வெட்டுவாயின் ஓரத்தில் புதுப்பட்டை விரற்கடை அகலத்துக்குச் சுற்றி வளர்ந்திருந்தது.