பஞ்சு கனமா, இரும்பு கனமா? சரக்குக் கட்டணம் சொல்லும் பதில்

ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு. இரண்டில் எது கனம்? சிறு வயதில் இந்தக் கேள்விக்கு ‘இரும்பு’ என்று சொல்லி ஏமாறாதவர்கள் குறைவு. இரண்டும் ஒரே எடைதான் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியிலோ, வட பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்திலோ இதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு. அங்கே பஞ்சுதான் ‘கனம்’. காரணம், அது அடைத்துக்கொள்ளும் இடம்.

நான் லாஜிஸ்டிக்ஸ் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. கடந்த விடுமுறையில் பட்டர்வொர்த்தில் உள்ள ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் தொழிற்பயிற்சி பெற்றேன். தாளில் இருந்த கட்டணப் பட்டியலைக் கணினிக்குப் புரியும் விதிகளாக மாற்றுவது எனக்குக் கிடைத்த வேலை. ‘சரக்கு இப்படி இருந்தால், கட்டணம் இப்படி’ என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். படிவம் 4 கணிதத்தில் தர்க்கப் பாடம் படித்தபோது ‘இது எங்கே பயன்படப்போகிறது?’ என்று வகுப்பில் முணுமுணுத்தோம் அல்லவா? இங்கேதான்.

எடையா, இடமா?

விமானத்துக்கும் கப்பலுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, தூக்கக்கூடிய எடை. மற்றொன்று, உள்ளே இருக்கும் இடம். எடை குறைந்த பெரிய பெட்டிகளால் விமானத்தை நிரப்பினால், இடம் தீர்ந்துவிடும். எடைக்கு மட்டும் பணம் வாங்கினால் பயணச் செலவுகூடத் தேறாது. ஆகவே, அனுப்புபவரிடம் இரண்டையும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்குகிறார்கள்.

கணக்கு எளிது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்க வேண்டும். விமானச் சரக்கு என்றால் வழக்கமாக 6000ஆல் வகுப்பார்கள். கூரியர் நிறுவனங்கள் பல 5000ஆல் வகுக்கின்றன. வரும் விடைதான் ‘கொள்ளளவு எடை’.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கும் அத்தை ஒருவர், தீபாவளிக்காக சபாவுக்கு ஒரு பெட்டி அனுப்புகிறார். பெட்டியின் அளவு 60 × 50 × 40 செ.மீ. தராசில் வைத்தால் 9 கிலோ. ஆனால், மூன்று அளவுகளையும் பெருக்கினால் 1,20,000. அதை 6000ஆல் வகுத்தால் 20 கிலோ. 5000ஆல் வகுத்தால் 24 கிலோ. ஆக, 9 கிலோ முறுக்குக்கு 24 கிலோவுக்கான பணம் கட்ட வேண்டி வரலாம். அதே முறுக்கை நெருக்கமாக அடுக்கி, பெட்டியின் உயரத்தை 30 செ.மீ.க்குக் குறைத்தால் 18 கிலோவாகிவிடும். முறுக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. 6 கிலோவுக்கான கட்டணம் மிச்சம். இது தெரியாததால் சிறு வியாபாரிகள் ஒவ்வொரு பெட்டியிலும் வெறும் காற்றுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

ஈயமும் கிராம்பும்

இது இணையம் வந்த பிறகு தோன்றிய வழக்கம் அல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்த பின், இந்தத் தீவு சுங்க வரி இல்லாத துறைமுகமாக வளர்ந்தது. வரி இல்லை என்றாலும் கப்பல் கூலி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பேராக்கின் லாருட் பகுதியில் தோண்டிய ஈயம் பினாங்கு வழியாகக் கப்பலேறியது. தீவிலேயே விளைந்த சாதிக்காயும் கிராம்பும் கப்பலேறின.

ஒரு கன மீட்டர் ஈயம் ஏறத்தாழ 7 டன் எடை. கிராம்போ மூட்டை மூட்டையாக இடத்தை நிரப்பும்; எடை சொற்பம். ஈயத்தை மட்டும் ஏற்றினால் கப்பலின் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை எல்லையைத் தொட்டுவிடும். கிராம்பை மட்டும் ஏற்றினால் இடம் நிரம்பிவிடும், கப்பல் நிலையாக நிற்காது. அதனால்தான் எடைக்கு ஒரு டன், இடத்துக்கு ஒரு டன் என இரண்டு அளவுகள் கப்பல் தொழிலில் உருவாயின. 40 கன அடி இடத்தை ஒரு டன்னாகக் கொள்வது பழைய முறை. இன்று பலருடைய சரக்கை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்பும்போது, ஒரு டன் அல்லது ஒரு கன மீட்டர், இரண்டில் எது அதிகமோ அதுவே கணக்கு.

1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கிய பின், பினாங்கின் முக்கியச் சரக்கு மின்னணுப் பொருளாக மாறியது. கணினிச் சில்லுக்கு எடையும் இல்லை, பெரிய இடமும் வேண்டாம். ஆனால், விலை மதிப்பு மிக அதிகம். இங்கே மூன்றாவது ஒரு குணம் வருகிறது: பொறுப்பு. மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி, விமானச் சரக்கு தொலைந்தால் நிறுவனம் தர வேண்டிய இழப்பீடு, 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். வரைதான். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டுப் பண நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு கிலோ சில்லின் விலைக்கு முன்னால் இது அற்பம். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமானால், பொருளின் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து, கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும்.

அமெரிக்காவில் லோரிச் சரக்கை 50 முதல் 500 வரை 18 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கே பார்க்கும் குணங்கள் நான்கு: அடர்த்தி, கையாளும் சிரமம், அடுக்கும் வசதி, பொறுப்பு. உலகின் எந்தச் சரக்குக் கட்டண விதியைப் பிரித்துப் பார்த்தாலும், பெரும்பாலும் இந்த நான்கில் ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும்.

45 கிலோவின் கதை

விமானச் சரக்கில் எடை கூடக் கூட, ஒரு கிலோவுக்கான கட்டணம் குறையும். வழக்கமான முதல் படி 45 கிலோ. புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கட்டணம் வைத்துக்கொள்வோம்: 45 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 10 வெள்ளி, 45 கிலோவும் அதற்கு மேலும் 8 வெள்ளி. உங்கள் பெட்டி 40 கிலோ என்றால் 400 வெள்ளி. ஆனால், அதை 45 கிலோ என்றே வைத்துக் கணக்கிட்டால் 360 வெள்ளிதான்! எடை கூடினால் செலவு குறைகிறது.

விமானச் சரக்கு விதிகள் இதை அனுமதிக்கின்றன. இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, குறைந்ததை வாடிக்கையாளரிடம் வாங்கலாம். இந்தக் கட்டணத்தில் 36 கிலோவைத் தாண்டிய எல்லாருக்கும் இது லாபம். ஆனால், விதியைக் கணினியில் எழுதுபவர் ‘45க்குக் கீழே என்றால் 10 வெள்ளி’ என்ற ஒரே வரியோடு நிறுத்திவிட்டால், கணினி தயங்காமல் 400 வெள்ளி என்று காட்டும். பெரிய தொழிற்சாலைக்குக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பும் அத்தைக்கு யார் இருக்கிறார்கள்? கணினி சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று கட்டிவிட்டுப் போவார். விதி நியாயமாக இருந்தும், அதை முழுமையாக எழுதாததால் எளியவர் அதிகம் கட்டுகிறார்.

எந்த விதி முதலில்?

பயிற்சியின்போது நான் கற்ற பெரிய பாடம், விதிகளின் வரிசை. பல மென்பொருள்கள் மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். ‘5 கிலோவுக்குக் கீழே என்றால் ஒரே கட்டணம்’ என்ற விதி உச்சியில் இருக்கிறது என்று வையுங்கள். ‘லித்தியம் மின்கலம் என்றால் அபாயச் சரக்கு’ என்ற விதி அதற்குக் கீழே. 3 கிலோ பவர் பேங்க் பெட்டி ஒன்று வந்தால், முதல் விதியிலேயே சாதாரணப் பொட்டலமாகக் கடந்துவிடும். கிடங்கில் நீண்ட காலம் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: என்ன பொருள் என்று முதலில் கேள், எவ்வளவு எடை என்று பிறகு கேள்.

அவர் சொன்னது வெறும் கட்டண விஷயம் அல்ல. 2010 செப்டம்பர் 3ஆம் நாள், துபாயிலிருந்து புறப்பட்ட யு.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்தது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்குப் பகுதியில் தீ தொடங்கியதாக விசாரணை கூறியது. அபாயச் சரக்காக அறிவித்திருக்க வேண்டிய பெட்டிகள், அப்படி அறிவிக்கப்படாமலே ஏறியிருந்தன. தனியாக அனுப்பும் லித்தியம்-அயன் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் தடை உள்ளது.

இதில் கட்டணத்துக்கும் பங்கு உண்டு. அபாயச் சரக்குக்குக் கட்டணம் மிக அதிகமாக இருந்து, சோதனை தளர்வாக இருந்தால், சிலர் ‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆகவேதான் ஹபாக்-லாய்ட் கப்பல் நிறுவனம் 2019இல், அபாயச் சரக்கைத் தவறாக அறிவித்தால் ஒரு கொள்கலனுக்கு 15,000 அமெரிக்க டாலர் அபராதம் என்று விதித்தது. உண்மை சொல்வதற்கு ஆகும் செலவு, பொய் சொல்வதற்கு ஆகும் செலவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நல்ல கட்டண விதியின் அடிப்படை இதுதான்.

நமக்கு என்ன வேலை?

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்து எதைப் படிக்கலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே, கணினியில் விதி எழுதும் வேலைகள் நம் மாநிலத்தில் பெருகி வருகின்றன. நிரல் எழுதக் கற்பது அவசியம். ஆனால், அது மட்டும் போதாது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தவரிடம் பேசுங்கள். அனுப்புபவர் யார், எதை இழப்பார் என்று கேளுங்கள். வகுக்கும் எண் 6000ஆ, 5000ஆ என்பதில் தொடங்கி, எந்த விதி முதலில் வர வேண்டும் என்பது வரை, ஒவ்வொன்றும் யார் எவ்வளவு கட்ட வேண்டும், யார் ஆபத்தைச் சுமக்க வேண்டும் என்று ஒருவர் எடுத்த முடிவு. நாளை அந்த முடிவை எடுக்கும் நாற்காலியில் நம்மில் ஒருவர் அமரலாம்.

அதுவரை ஒரு சிறு பயிற்சி. வீட்டிற்கு அடுத்த பொட்டலம் வந்தால், ஓர் அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். தராசு எடையையும் கொள்ளளவு எடையையும் ரசீதில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். கணக்கு இடித்தால், கட்டாயம் விளக்கம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.