சாரலிலும் வெயில் உண்டு
உடம்பும் ஊரும் – 17

சீசன் நேரத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடையில் வைத்து விற்கிறார் ஓர் அக்கா. நான் உடம்பைப் பற்றித் தொடர் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கன்னத்து மேட்டிலும் பழுப்புத் திட்டு, மூக்குத் தண்டில் அதன் சாயல். மங்கு. “சாரல்லதான சார் உக்காந்து கெடக்கேன், எனக்குப் போயி இது எப்படி விழும்?” என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் இந்த வாரக் கட்டுரை. “லைட் அடிச்சா போயிரும்னு சொல்லுதாவ. ஆறு தடவைக்கு இவ்வளவுன்னு போன்ல விளம்பரம் வருது. அடிக்கலாமா?”

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். மேகம் நமக்கு மறைத்துத் தருவது சூட்டை. மெல்லிய மேகமாக இருந்தால் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை அதைத் தாண்டிக் கீழே வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுள்ளென்று அடித்தால் நிழலுக்கு ஒதுங்குவோம், சாரலில் ஒதுங்கத் தோன்றாது. சீசன் முடிந்ததும் அந்த அக்கா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வாகு இவையும் மங்குக்குக் காரணமாவதுண்டு. ஆனால் வெயில்தான் அதை ஆற விடாமல் வைத்திருக்கும்.

வெள்ளைக்காரர்கள் தோலில் வெயில் சீக்கிரமே சுருக்கம் போடும், சிவக்க வைக்கும். நம் தோலில் அது கருமையாக விழும். இந்த வித்தியாசம் தெரியாதவர் கையில் ஒளிக் கருவி இருந்தால் ஆபத்து.

அந்தக் கருவி என்ன செய்கிறது? 1983இல் ஹார்வர்டைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் ஒரு தத்துவத்தை எழுதினார்கள். ஒரு நிறப்பொருள் விரும்பி உறிஞ்சும் ஒளியை இமைப்பொழுதிலும் குறைந்த நேரம் பாய்ச்சினால், அந்தச் சூடு பரவுவதற்குள் அதை மட்டும் சுட்டுவிட்டுப் பக்கத்துத் திசுவை விட்டுவிடலாம். கரும்புள்ளிக்குக் குறி வைக்கும் நிறப்பொருள் மெலனின். வெளுத்த தோலில் புள்ளியில் மட்டும்தான் அது குவிந்திருக்கும், ஒளி நேரே அங்கே போய் உட்காரும். நமக்கோ தோல் முழுக்க மெலனின். எது கறை, எது நம் சொந்த நிறம் என்று ஒளிக்குத் தெரியாது.

ஐ.பி.எல். என்று விளம்பரத்தில் வருவது லேசர்கூட இல்லை. செனான் விளக்கின் பளிச்சென்ற வெளிச்சம் அது. சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்கள் கலந்தது. இதில் குறைந்த அலைநீளங்களை மெலனின் அப்படியே குடித்துவிடும். அதனால்தான் கறுத்த தோலில் இது சுடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரை மெலனின் அவ்வளவாக உறிஞ்சாது, அது ஆழம் போகும். நம் நிறத்துக்கு அது ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் அதையும் மங்கு போகட்டும் என்று வாராவாரம் அடித்துக்கொண்டே போனால், கறுப்புக்கு நடுவே அரிசி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழுவதுண்டு. அது கறுப்பைவிடப் பிடிவாதமானது.

தோலின் நிறத்தை வகை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அட்டவணை 1975இல் வந்தது. ஒளிச் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கவே அதை உண்டாக்கினார்கள். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகை; மாநிறத்துக்கு ஐந்தாவதும் கறுப்புக்கு ஆறாவதும் பிற்பாடுதான் சேர்ந்தன. தென்காசிப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் நான்கிலும் ஐந்திலும் வருவோம். ஆக, உங்கள் முகத்தைத் தொடப் போகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “என் தோல் எந்த வகை?” பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம்.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கையில் ஓர் அழகு நிலையத்தில் ஒளி வைத்துக்கொண்டாள். யாரும் மருத்துவர் இல்லை. கருவியின் கண்ணாடி முனை எந்த நீள அகலமோ அதே கட்டங்களாகக் கன்னம் வெந்து, ஆறியபின் கறுத்தது. தாலி கட்டும்போது அந்தக் கட்டங்கள் பூச்சுக்குள் மறைந்திருந்தன. அவை மங்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

கருவியைப் பார்த்துப் போகாதீர்கள், மருத்துவரைப் பார்த்துப் போங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டிப்ளமோ படித்தவரா என்று கேளுங்கள். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற பலகை மட்டும் போதாது. மருத்துவக் கவுன்சில் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக்குகள் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நல்ல மருத்துவர் முதல் நாளே ஒளி வைக்க மாட்டார். லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மங்கா, வேறு நோயா, மச்சமா என்று பிரிப்பார். இது உயிர் சம்பந்தப்பட்டது. நம்மவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபூர்வம்தான், ஆனால் வராமலில்லை. வளர்கிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற புள்ளியைச் சோதிக்காமல் சுட்டால் நோயின் அடையாளம் அழிந்துவிடும், நோய் உள்ளேயே தங்கும்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பிள்ளை உண்டாகியிருக்கிறீர்களா, முகத்தில் என்ன கிரீம் போட்டீர்கள் என்று அவர் துருவித் துருவிக் கேட்பார். மெடிக்கல் கடையில் ‘வெளுக்கும் கிரீம்’ என்று கேட்டு வாங்கியதில் ஸ்டீராய்டு இருக்கலாம்; மாதக்கணக்கில் போட்டிருந்தால் தோல் காகிதமாக மெலிந்திருக்கும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை மாற்றியது. இன்றும் அவை கைக்குக் கை போகின்றன. போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒளிதான் வழி என்றால், காதுக்குப் பின்னாலோ தாடை ஓரத்திலோ ஓர் இடத்தில் மட்டும் அடித்துப் பார்த்து, சில வாரம் காத்திருக்கச் சொல்வார். கண்ணுக்குக் கவசம் போடுவார். புருவத்துக்குப் பக்கத்தில் கவசமில்லாமல் பாய்ந்த ஒளி கருவிழித் திரையைச் சேதப்படுத்திய கதைகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. கருவியை யார் பிடிப்பார்கள், கொப்புளம் வந்தால் அன்றிரவு யாரைக் கூப்பிடுவது, வைத்த அளவைச் சீட்டில் எழுதித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளிக்காமல் பதில் வந்தால் நம்பலாம். ஆறு தடவைக்கு மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொல்கிற இடத்தில் உங்கள் தோல் இரண்டாம் பட்சம்.

அந்த அக்காவிடம் நான் வேண்டாம் என்றேன். மங்குக்கு ஒளி முதல் மருந்தே இல்லை. போனது போல இருந்து முன்னைவிடக் கறுத்துத் திரும்பும். அதிலும் இன்று ஒளி வைத்துவிட்டு நாளை திறந்தவெளியில் கூடையோடு உட்காரப் போகிறவருக்கு எந்த நேர்மையான மருத்துவரும் வைக்கக் கூடாது. வயலில் நம் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டுகிறார்களே, அது நல்ல வைத்தியம். அதோடு அகலமான குடை, மருத்துவர் தரும் களிம்பு, நிறம் கலந்த சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலைக் கறுக்க வைக்கும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த அந்த நிறக் களிம்புதான் அதையும் தடுக்கும்.

காசு செலவழிக்கும் முன்னால் ஒரு நடை திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் பிரிவில் காட்டுங்கள். ஐந்தருவியிலிருந்து அரை நாள் வேலை. அங்கே வெளிநோயாளிச் சீட்டுக்குக் காசு கிடையாது.